நெல் காயும்போது எடை எவ்வளவு குறையும்?

அறுவடை நெல்லில் 22 சதவிகிதம் ஈரம் இருக்கிறது; அதை 17 சதவிகிதத்திற்கு உலர்த்த வேண்டும். நூறு கிலோவுக்கு எடை எவ்வளவு குறையும்? ஐந்து கிலோ என்றே பெரும்பாலான உழவர்கள் சொல்வார்கள். உண்மையில் குறைவது ஆறு கிலோ.

22 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் நீர் 22 கிலோ. மீதி 78 கிலோ உலர்ந்த பொருள். வெயில் நீரைத்தான் எடுக்கும். அந்த 78 கிலோ அப்படியே இருக்கும். ஈரம் 17 சதவிகிதமானதும், நெல்லின் ஒவ்வொரு நூறு கிலோவிலும் உலர்ந்த பொருள் 83 கிலோ இருக்க வேண்டும். ஆகவே 78ஐ 100ஆல் பெருக்கி 83ஆல் வகுத்தால் 94 கிலோ வருகிறது. முதல் சதவிகிதம் ஈரநெல்லின் எடைக்கு உரியது. இரண்டாவது, காய்ந்த நெல்லின் எடைக்கு உரியது. இரண்டையும் நேராகக் கழிப்பதால்தான் கணக்குப் பிசகுகிறது.

இக்கணக்கு களத்திலேயே உதவும். நெல்லைத் தூற்றிச் சுத்தம் செய்து, ஒரு மூட்டையை 60 கிலோவாக எடைபோட்டுத் தனியே காயவையுங்கள். 60ஐ 78ஆல் பெருக்கி 83ஆல் வகுத்தால் 56.4 கிலோ. சிந்தாமல் சிதறாமல் இந்த எடைக்கு வந்துவிட்டால் ஈரம் 17 சதவிகிதம் என்று கொள்ளலாம். தொடக்க ஈரத்தை மட்டும் ஈரமானியில் பார்த்துக்கொள்ள வேண்டும். குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டால் பயனில்லை.

இனி விற்பனைக்கு வருவோம். காய்ந்த நெல் கிலோ 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி ஈரநெல்லையே எடுத்துக்கொண்டு, நூறு கிலோவுக்கு 8 கிலோ கழிவு கேட்கிறார். 92 கிலோவுக்குக் கிடைப்பது 2,208 ரூபாய். காயவைத்து 94 கிலோவாக விற்றால் 2,256 ரூபாய். வித்தியாசம் 48 ரூபாய். 30 குவிண்டாலுக்கு 1,440 ரூபாய். உலர்த்தும் கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் இதற்குள் அடங்கினால்தான் காயவைப்பது லாபம். வியாபாரி 5 கிலோ மட்டுமே கழித்தால் 2,280 ரூபாய் கிடைக்கும். அப்போது ஈரமாகவே விற்பதுதான் மேல்! மழை மிரட்டும் நாளில் இதைச் சொல்லவே வேண்டாம்.

அரசு கொள்முதலில் பொதுவான வரம்பு 17 சதவிகிதம். சில ஆண்டுகளில் சிறப்பு அனுமதியின் பேரில் இது தளர்த்தப்பட்டதும் உண்டு. கொள்முதலுக்குக் கொண்டுபோகும் நெல்லை 12 சதவிகிதம் வரை காயவிட்டால் நூறு கிலோ ஈரநெல் 88.6 கிலோவாகிவிடும். உச்சி வெயிலில் மெல்லப் பரப்பி அளவுக்கு மீறிக் காய்ந்த நெல்லில் மணி வெடித்து, அரைக்கும்போது நொய் கூடும்.

விதைநெல்லுக்கு ஈரம் 13 சதவிகிதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. 100 கிலோ விதை தேவையானால், 22 சதவிகித ஈரத்தில் 111.5 கிலோ எடுத்துவைக்க வேண்டும். பதருக்கும் கழிவுக்கும் இதற்கு மேல் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள்.