வெசாக் ஓர்கிட்டும் வெளிமானும்

றக்வானைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி கேட்டு எழுதியிருக்கிறாள்: "நம் காட்டு வெசாக் ஓர்கிட், கோடியக்கரை வெளிமான், இரண்டில் எதைக் காப்பாற்றுவது கடினம்?"

வெளிமான் நம் புள்ளிமானின் இனமல்ல. அதன் முறுக்குக் கொம்பு ஆட்டுக்கொம்பைப் போல ஆயுள் முழுக்க நிற்கும், விழுந்து முளைக்காது. வட இந்தியாவின் சிங்காரா என்ற கஸல் மானுக்கு நெருங்கிய உறவு. பகையைத் தொலைவிலேயே கண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வேகமெடுத்து ஓடித் தப்பும். அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். தமிழ்நாட்டின் கோடியக்கரையில் 1967இலேயே சரணாலயம் அமைத்தார்கள். ஆனாலும் சீமைக்கருவேலம் உள்ளே புகுந்து புல்லை நெருக்குகிறது. புல்வெளியைத் தரிசென்று நினைத்து மரம் நடுகிறவர்களும் அந்த மானுக்குத் தீங்குதான் செய்கிறார்கள்.

வெசாக் ஓர்கிட்டுக்கோ மரமே நிலம். இலங்கையில் மட்டுமே உள்ள இனம் இது. சிங்கராஜ வனத்தை ஒட்டிய ஈரக்காடுகளில் அடிமரத்தைப் பற்றித் தொங்கும், வெசாக் காலத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கும். பற்றினாலும் மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. காய்ந்த வேரைக் கிட்டே போய்ப் பாருங்கள், வெள்ளையாய் இருக்கும். மழை பட்டதும் அந்த வெண்பஞ்சு உறை நீரைக் குடித்து, உள்ளிருக்கும் பச்சையைக் காட்டும்.

என்னை மிகவும் ஈர்ப்பது ஓர்கிட் விதைதான். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தொழிற்சாலையில் நாம் சலிக்கும் டஸ்ட் தேயிலை அதன் பக்கத்தில் கல்லுப் போலத் தெரியும். முளைக்கு ஊட்ட அதனுள் உணவே கிடையாது. காற்றில் போய் விழுந்த மரப்பட்டையில் அதற்கேற்ற பங்கசு இருந்தால், அதன் இழை உள்ளே நுழைந்து ஊட்டும். இல்லாவிட்டால் விதை வீண்தான். அத்தனை விதையில் ஏதோ ஒன்றிரண்டுதான் செடியாகிறது. அப்படித் தப்பிய செடியைத்தான் அழகுக்காகப் பட்டையோடு உரித்து வந்து லயத்து வாசலில் கட்டுகிறோம். அது விதை பரப்பியிருக்கக்கூடிய காட்டுக்கு அந்தச் செடி இல்லாமல் போகிறது.

மகளே, ஓர்கிட்தான் கடினம் என்பேன். சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றினால் புல் சீக்கிரம் தலைகாட்டும். பழைய மரத்தையும் அதன் பட்டையில் வாழும் பங்கசையும் நாம் நட்டு உண்டாக்க முடியாது. ஆசைக்கு வளர்க்க வழி இருக்கிறது. பங்கசு இல்லாமலே சீனி கலந்த ஊடகத்தில் ஓர்கிட் விதை முளைக்கும் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார். நாற்றுமேடைகள் இன்று போத்தலில் கன்று வளர்ப்பது அந்த வழியில்தான். வாங்கும்போது வேரைப் பாருங்கள். காட்டுமரப் பட்டை ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.