டயரில் இரண்டு புள்ளிகள்

சாலையும் சக்கரமும் – 14

டயரை எப்போது கழற்றுவது என்பதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் வீல் அலைன்மென்ட் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியர் அழைத்துவிட்டார்.

தருமபுரியில் முன்பக்கம் இரண்டு புது டயர் மாட்டியிருக்கிறார். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது வண்டி சீராகத்தான் போனது. கிருஷ்ணகிரி போகும் நான்கு வழிச் சாலையில் ஏறி, காரிமங்கலம் தாண்டி முள் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் டை ராடு எண்ட் போய்விட்டது என்று மாற்றினார்கள். நடுக்கம் நிற்கவில்லை. இன்னொரு பட்டறையில் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்றச் சொன்னார்கள். "டயர் மாத்தறதுக்கு முன்னாடி வண்டி நல்லாத்தானே சார் இருந்துச்சு?" என்றார். நோயைக் கண்டுபிடிக்கும் கேள்வி அதுதான். முந்தின நாள்வரை ஆடாத வண்டி டயர் மாட்டியதும் ஆடினால், முதலில் பார்க்க வேண்டியது அன்று கைபட்ட இடத்தை. ரேக்கை யாரும் அன்று தொடவில்லை.

80-இல் ஏன்? சாதாரண காரில் வரும் 185/65 ஆர் 15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 11 முறைக்கு மேல் சுற்றுகிறது. 100-இல் 14 முறை. சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷனும் இயல்பாகவே நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை துள்ளக்கூடியவை. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தும் வேகத்தில் சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும். அந்த வேகத்தைத் தாண்டினால் நடுக்கம் குறைவதும் இதனால்தான். பென்னாகரம் சாலையில் 50-இல் போகிறவருக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

சின்னக் குறை என்றால் எவ்வளவு? ரிம் விளிம்பில் வெறும் 20 கிராம் ஏற்றத்தாழ்வு போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 20 கிராம், சுமார் 3 கிலோ எடையின் விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். கம்பங்கொல்லையில் கவண் சுற்றியவருக்குத் தெரியும், கல் சிறியதானாலும் சுற்றச் சுற்றக் கயிறு கையை இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு.

இனி, இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். பல புது டயர்களின் பக்கச் சுவரில் சிறிய வட்டப் புள்ளிகள் இருக்கும், ஒன்று மஞ்சள், இன்னொன்று சிவப்பு. தொழிற்சாலையில் பெயின்ட் சிந்திய கறை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை டயரைச் செய்தவர் மாட்டப்போகிறவருக்கு எழுதி அனுப்பிய சீட்டு.

எந்த டயரும் முழு வட்டம் இல்லை. ரப்பர் அடுக்குகளையும் எஃகுக் கம்பி பெல்ட்டையும் சுற்றி ஒட்டும்போது, நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் கொஞ்சம் தடிக்கும், கொஞ்சம் இறுகும். தொழிற்சாலையிலேயே டயரை ஓர் உருளைமேல் அழுத்திச் சுழற்றி, எந்த இடம் அதிகமாக எதிர்த்துத் தள்ளுகிறது என்று அளக்கிறார்கள். அங்கே வைப்பது சிவப்புப் புள்ளி. டயரிலேயே எடை குறைந்த இடம் எது என்று தனியாகப் பார்த்து வைப்பது மஞ்சள் புள்ளி.

காற்று அடைக்கும் வால்வு இருக்கும் இடம் பொதுவாக ரிம்மில் எடை கூடியது. அதற்கு நேராக மஞ்சள் புள்ளியை வைத்து மாட்டினால் ஒன்றின் கனத்தை இன்னொன்று ஈடுகட்டும். பேலன்சிங்கில் குறைந்த எடையே போதும். சிவப்புப் புள்ளிக்கு வேறு இடம். சில இரும்பு ரிம்களில், வட்டம் சற்றே தாழ்ந்த இடத்தைச் சிறு குழியாலோ புள்ளியாலோ குறித்திருப்பார்கள். டயரின் மேடு ரிம்மின் பள்ளத்தோடு சேர வேண்டும். ரிம்மில் அந்தக் குறி இருந்தால் சிவப்புக்கே முதலிடம். இல்லாவிட்டால் மஞ்சளை வால்வுக்கு நேராக வைத்தால் போதும். இதற்குக் கூலி கூடாது, கருவியும் வேண்டாம். டயரை ரிம்மில் ஏற்றும் முன் கொஞ்சம் திருப்பி வைத்தாலே ஆயிற்று.

திருவொற்றியூரிலும் அரக்கோணத்திலும் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று நாட்டுக்கே டயர் செய்து அனுப்பும் மாநிலம் நம்முடையது. ஆலையில் அவ்வளவு கவனமாக வைத்த புள்ளியைப் பற்றி, தருமபுரியில் டயர் மாட்டும் இளைஞருக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை என்றால் அது அவர் குற்றமல்ல. சொல்லித்தருவது டயரை விற்கிறவர்களின் கடமை.

ஆசிரியரின் வண்டிக்குத் திரும்புவோம். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "எப்ப ஆடுதுன்னு சொல்லுங்க சார், எங்க ஆடுதுன்னு நான் சொல்றேன்" என்றார்.

அவருடைய கணக்கு இது. 80-லிருந்து 100-க்குள் ஸ்டீயரிங் ஆடினால் முன் சக்கரம். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட் அதிர்ந்தால் பின் சக்கரம். 30, 40-லேயே வண்டி இடமும் வலமும் அசைந்தால் ரிம் பெண்டு, அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க். டயரைக் குறை சொல்லாதீர்கள். தொப்பூர் கணவாயில் கட்டமேட்டிலிருந்து சேலம் பக்கம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு இந்தக் கடைசி வகை வரும். டிஸ்க் சூடேறிச் சீரில்லாமல் தேயும். அந்த இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவது டிஸ்க்குக்கும் உயிருக்கும் நல்லது. நியூட்ரலில் இறங்கிய லாரிகள் அங்கே எத்தனை குடும்பங்களை அழித்தன என்பது இந்த மாவட்டத்துக்கே தெரியும்.

இன்னும் சந்தேகம் என்றால் முன் சக்கரங்களைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றி மாட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்குப் போனால் கோளாறு சக்கரத்தில். போகாவிட்டால் மட்டுமே வண்டியின் பாகங்களைச் சந்தேகிக்கலாம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் போதும்.

ஆசிரியரின் சக்கரத்தைக் கழற்றியபோது சக்கரம் பொருந்தி உட்காரும் ஹப்பின் முகத்தில் துருவும் காய்ந்த செம்மண்ணும் படலமாக இருந்தன. அதன்மேலேயே சக்கரத்தை வைத்து நட்டுகளை வரிசையாக முறுக்கியிருந்தார்கள். சக்கரம் ஒரு மயிரிழை சாய்ந்தே நின்றிருக்கிறது. பேலன்சிங் மெஷினில் சக்கரம் தனியாகச் சுற்றும்போது இந்தச் சாய்வு தெரியாது. மெஷின் பூஜ்ஜியம்தான் காட்டும். கம்பி பிரஷால் ஹப்பைத் தேய்த்தார். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். புது பாகம் எதுவும் வாங்கவில்லை. அன்று மாலையே கிருஷ்ணகிரி வரை போய் வந்த ஆசிரியர், ஸ்டீயரிங் அசையவில்லை என்று சொன்னார். டை ராடு எண்டுக்குக் கொடுத்த பணம் வீண்.

புது டயர் மாட்டும்போது காபி குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். புள்ளியைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். ரிம் ஓரத்தில் டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. ஹப்பைத் துடைக்கச் சொல்லுங்கள். நட்டுகளை எதிரெதிராக முறுக்கச் சொல்லி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். டயர் ஏற்றச் சோப்புத் தண்ணீர் பூசியிருப்பார்கள். அது காயும்வரை ஓரிரு நாள் சடாரென்று பிரேக் அடிக்க வேண்டாம். டயர் ரிம்மில் நழுவினால் பேலன்சிங் கலையும்.

இவை எல்லாம் செய்தும் ஆடினால் பட்டறைக்குப் போங்கள், அதற்கு முன் ஒரு பாகமும் மாற்றாதீர்கள். அலைன்மென்ட் அடுத்த வாரம்.