மீனுக்கு 63, கேரட்டுக்கு 85

மீன் துண்டுகளையும் நறுக்கிய காய்களையும் ஒன்றாக வாணலியில் கொட்டிக் கிளறினால் மீன் புட்டாகிவிடும். கேரட்டோ இன்னும் நறுக்கென்றே இருக்கும். இதில் கைப்பக்குவத்தின் குறை ஒன்றுமில்லை. இரண்டும் வேகும் சூடு வேறு.

ஆடு தன் எடையைக் காலால் தாங்க வேண்டும். அதன் தசையை இறுக்கிக் கட்ட கொலாஜன் என்ற புரதம் நிறைய உண்டு. மீனின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதன் குட்டையான தசை அடுக்குகளுக்கு இடையே மெல்லிய கொலாஜன் சவ்வு மட்டுமே பிடிப்பு. ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் அது ஜெலட்டினாகக் கரைகிறது. 60 டிகிரியை ஒட்டிச் சதை இறுகி வெளுக்கிறது. அதற்கு மேல் சாறு வடிந்து வறள்கிறது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் மீனுக்குச் சொல்லும் உள்சூடு 63 டிகிரி. காய்களின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகவோ 85 டிகிரி அளவு வேண்டும்.

ஆகவே சட்டி ஒன்று, முறை இரண்டு. வஞ்சிரம், கொடுவா போன்ற கெட்டிச் சதை மீனை முள் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, ஈரம் ஒற்றி, உப்பு, மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் சோளமாவு சேர்த்துப் பிசறுங்கள். மாவு சூட்டில் பசையாகிச் சாற்றைக் காக்கும். காய்ந்த எண்ணெயில் இடைவெளி விட்டுப் பரப்பி, இரு பக்கமும் இலேசாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள்.

இடைவெளி ஏன்? 30 டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் 7 மடங்குக்கும் மேல் அதை ஆவியாக்கச் செலவாகும். நெருக்கிப் போட்டால் அடுப்பின் சூடெல்லாம் வடிந்த நீருக்கே போய்விடும். ஈரம் இருக்கும்வரை மீன் 100 டிகிரியைத் தாண்டாது, சிவக்காது, அவியும்.

அதே சட்டியில் பூண்டு, கேரட், பீன்ஸ், பிறகு குடைமிளகாய். மூடி வேண்டாம். மூடினால் ஆவியோடு போகவேண்டிய அமிலம் சட்டியிலேயே தங்கி, பச்சையத்தின் மக்னீசியத்தை வெளியேற்றி, பீன்ஸைப் பழுப்பாக்கும். காய் முக்கால் பதத்துக்கு வந்ததும் மீனைச் சேர்த்து, கரண்டி போடாமல் சட்டியைக் குலுக்குங்கள். துண்டின் நடுவிலும் சதை வெளுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்தால் இறக்கலாம்.

கடல் மீனின் கவுச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீனை எலுமிச்சையின் அமிலம் அடக்கும். பீன்ஸின் பச்சையைக் கெடுப்பதும் அதே அமிலம்தான். அதனால் எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியுங்கள்.