கோடை தப்பிய செடிகள்

வைகாசிக் கடைசியில் போடிமெட்டு முகட்டில் மேகம் வந்து கவிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் மழை கொட்டிக்கொண்டிருக்க, கொண்டையூசி வளைவுகள் பதினேழையும் இறங்கி வந்தால் மலையடிவாரத்தில் கிடக்கும் போடிநாயக்கனூருக்கோ, அந்த மழையில் மிஞ்சிய சாரலும், முகட்டைத் தாண்டிப் பாய்ந்துவரும் காற்றுமே பங்காகக் கிடைக்கின்றன. மழை மறைவுப் பிரதேசமாகிய இவ்வூருக்கு மெய்யான மழை என்பது ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான். ஆகவே மாசியில் தொடங்கிய வறட்சி ஆனி பிறந்ததும் ஒழிந்துவிடும் என்று இங்கே யாரும் எண்ணுவதில்லை. உஷ்ணம் சற்றே தணிகிறது, அவ்வளவுதான்.

இந்த இடைக்காலத்தில் வீட்டுத் தோட்டம் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். தக்காளி சுள்ளியாகக் காய்ந்து நிற்கும். வெண்டை இலைகள் செஞ்சிலந்தி உறிஞ்சி வெளுத்திருக்கும். செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கும். குடம் குடமாகத் தண்ணீர் விட்டும் தக்காளி காய்க்கவில்லையே என்று மனம் நொந்துகொள்பவர்கள் பலர். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் ஆறாமல் புழுங்கும் நாட்களில், தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்து, பூத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. அது வளர்த்தவருடைய குறை அன்று.

இந்தக் கோலத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்கி, குவித்துத் தீயிட்டு, தரையைப் பெருக்கித் துப்புரவாக்கிவிடத் தோன்றுவது சகஜம். பனி கொட்டும் தேசங்களில் அப்படிச் செய்வதற்கு ஓரளவு நியாயம் உண்டு. அங்கே கோடைக்குப் பின் தோட்டத்துக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை. இங்கேயோ கோடைக்கு அடுத்தாற்போல் ஆடிப்பட்டம் வந்து நிற்கிறது. ஒரு போகத்தை முடிக்கும் காரியமும் மறு போகத்தைத் தொடங்கும் காரியமும் ஒன்றாகிவிடுகிற இவ்விடத்தில், எதை எறிவது என்பதற்கு முன்னால் எதை வைத்துக்கொள்வது என்று யோசிப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் வைத்துக்கொள்ள வேண்டியது, கோடையைத் தாங்கிய செடியின் விதை. மற்றவையெல்லாம் கருகிய பாத்தியில் ஒரே ஒரு கத்தரி மட்டும் பசுமை குன்றாமல் நின்று இரண்டு காய் காய்த்திருக்குமானால், அந்த இரண்டையும் குழம்புக்குப் பறிக்காமல் செடியிலேயே முற்றவிட வேண்டும். இதன் பெருமையை உணர வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேனிக்கு அப்பால் பெரியகுளத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. பெரியகுளத்து ஆராய்ச்சியில் உருவான பி.கே.எம்.1 என்னும் தக்காளி, தேனியை அடுத்த அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய நாட்டு ரகத்திலிருந்து சடுதிமாற்ற முறையால் உண்டாக்கப்பட்டது. அதே பெயரைத் தாங்கிய, வறட்சிக்கு அஞ்சாத கத்தரிக்கு மூலம் புழுதிக் கத்தரி என்னும் நாட்டு இனம். 1989-இல் வெளிவந்து நாடெங்கும் பரவிய பி.கே.எம்.1 செடிமுருங்கையோ, எப்போதும்வென்றான் என்ற ஊரின் முருங்கையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. விஞ்ஞானிகளின் கைக்கு வருவதற்கு முன், பெயர் தெரியாத குடியானவர்கள் எத்தனையோ வறண்ட வருஷங்களில், பட்ட செடிகளுக்கு நடுவே நின்ற செடியைப் பார்த்து விதை எடுத்துப் பேணி வந்திராவிட்டால், அந்த ஆராய்ச்சிக்கு மூலதனமே இருந்திராது. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தில் மட்டும் இந்தச் சிரமம் வேண்டாம். அதன் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டுவராது.

விதை எடுப்பதில் காய்க்குக் காய் பக்குவம் வேறு. கத்தரி மஞ்சளாகப் பழுத்துத் தோல் சுருங்க வேண்டும். அதைப் பிசைந்து தண்ணீரில் விட்டால் அடியில் தங்குவது விதை, மிதப்பது பதர். தக்காளி விதையைச் சுற்றி முளைப்பைத் தடுக்கும் வழுவழுப்பான சவ்வு ஒன்று இருப்பதால், பிழிந்த சாற்றை ஒன்றிரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவியெடுப்பது வழக்கம். வெண்டை நெற்று காய்ந்து அதன் விளிம்புகளில் மெல்லிய வெடிப்புக் கண்டதும் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் விதை தரையில் சிதறிப்போகும். பீர்க்கு கொடியிலேயே உலர்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சப்திக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் நிழலில் ஆற உலர்த்தி, சாம்பல் கலந்து மண்கலயத்தில் கட்டிவைப்பார்கள். சாம்பல் ஈரத்தை வாங்கிக்கொள்வதோடு பூச்சியையும் அண்டவிடாது. துவரைக்கும் அவரைக்கும் செம்மண் குழம்பைப் பூசிக் காயவைப்பதும், பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பொதிந்து வறட்டியாகச் சுவரில் தட்டிவைப்பதும் பாட்டிமார் கைக்கொண்ட சம்பிரதாயங்கள். ஏளனத்துக்குரியது ஒன்றும் அவற்றில் இல்லை.

இனி வேர்களுக்கு வருவோம். அவரை, தட்டைப்பயறு, கொத்தவரை ஆகியவற்றைப் பிடுங்கவே கூடாது. தரைமட்டத்தில் அரிவாளால் அறுத்துவிட்டு வேரை மண்ணுக்குள் விட்டுவிட்டால், அதில் ஒட்டியிருக்கும் முண்டுகளில் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துவைத்த தழைச்சத்து அடுத்த பயிருக்கு ஆகாரமாகிறது; மட்கும் வேர் சென்ற வழியே மழைநீரும் உள்ளே இறங்குகிறது. ஆனால் தக்காளி, வெண்டை, கத்தரியை அடிமண் தளர்த்தி முழு வேரோடு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அவற்றின் வேரிலும் சில சமயம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். அது நன்மை செய்யும் முண்டு அன்று, நூற்புழுவின் வேலை. வேறுபாடு அறிவதற்குக் கட்டைவிரல் நகமே போதும். பயறு வேரின் முண்டை நெருடினால் தனியே கழன்று வரும். நூற்புழு உண்டாக்கிய முடிச்சோ வேரே வீங்கியதாகையால், வேர் அறுந்தாலும் அறுமேயன்றிக் கழலாது. அத்தகைய வேரை எருக்குழியில் போட்டால், வருகிற வருஷம் தோட்டம் முழுவதற்கும் நோயை நாமே பரிமாறியவர்கள் ஆவோம். அதை மட்டும் உலர்த்திக் கொளுத்திவிட்டு, அந்தப் பாத்தியைக் கொத்திப் புரட்டி வெயில் காயவிட்டு, ஆடியில் அங்கே தக்காளிக் குடும்பத்தைத் தவிர்த்துச் செண்டுமல்லி நடுவது உத்தமம்.

பட்டுப்போகாத கத்தரியையும் மிளகாயையும் அப்புறப்படுத்தத் தேவையில்லை. நோயுற்ற கிளைகளைக் கழித்து, தண்டைக் குறைத்து வெட்டி, அடியில் தொழு உரம் இட்டால் மறுதாம்பாகத் தழைக்கும். செடிமுருங்கையைத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் 4, 5 மாதங்களில் திரும்பவும் காய்க்கும். காற்றுக்காலத்தில் கிளை முறிந்து விழும் அபாயமும் இராது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இவ்வூரில் வெறும் பேச்சு அல்ல. வெறுமையாகப் பெருக்கிவைத்த பாத்தியின் மேல்மண்ணை அந்தக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். பெய்த சாரலின் ஈரத்தையும் மறுநாளே உறிஞ்சிவிடும். விடியுமுன் ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் போடிப் பெண்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏலச்செடியின் வேர் மேலாக ஓடுவது. அதனால் வறட்சி மாதங்களில் மரத்துச் சருகை அதன் அடியில் மூடாக்காகப் போடுகிறார்கள். கோடைமழை விழுந்த பின், தரையோடு படரும் பூச்சரங்களைத் தேனீ அணுகும்படி அந்தச் சருகை விலக்கிவிட்டு, முற்றிய தண்டுகளையும் காய்ந்த இலைகளையும் கவாத்துச் செய்து கழிக்கிறார்கள். 2024-ஆம் வருஷக் கோடையில் மழை பொய்த்து இடுக்கியில் ஏராளமான ஏலத்தோட்டங்கள் கருகிய துயரத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். சருகின் அருமையை அவர்களைப் போல் அறிந்தவர் யார்? அதே வித்தையை வீட்டுப் பாத்திக்கும் கொண்டுவரலாம். நோயில்லாத செடிகளின் தண்டும் இலையும், கரும்புச் சோகையும், தென்னை ஓலையும் ஒரு சாண் கனத்துக்கு மூடிக்கிடந்தால் காற்றுக்கு மண் பறிபோகாது. புரட்டாசி வரையில் நடுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி மிதித்துவிடலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரையே கோடை முழுதும் குடித்த தொட்டிகளில் வெண்மையாக உப்புப் பூத்திருக்கும். அதைச் சுரண்டியெடுத்துவிட்டு, மழைநீர் அடித்துளை வழியே வழிந்தோடும்படி விட்டால் போதும்.

கோடைக்குக் கட்டிய பச்சை நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டும் வேலை மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். மிளகாய் நாற்றுக்குச் சுமார் 40 நாளும், கத்தரிக்கு 30 நாளுக்குச் சற்று அதிகமும், தக்காளிக்கு 25 நாளும் ஆகுமாதலால், ஆனி முதல் வாரத்தில் மிளகாய், நடுவில் கத்தரி, கடைசி வாரத்தில் தக்காளி என்று அந்த வலையின் நிழலிலேயே விதைத்துவிட்டால், மூன்றும் ஆடி நடுவில் ஒருங்கே நடவுக்கு வந்துவிடும்.