வில்லறிந்து அம்பு தேர்தல்

நமது விழா மேடைகளில் முஸ்லிம்களின் வில்வித்தையைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. மம்லூக் குதிரை வீரர்கள், இஸ்தான்பூலின் ஒக்மைதான், உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவோம். நானும் பாடசாலை மீலாத் விழாவில் அப்படிப் பேசியவன்தான். ஆனால், "சேர், அம்பு எப்படி நேராகப் போகுது?" என்று ஒரு மாணவன் எழும்பிக் கேட்டிருந்தால் வாய்மூடி நின்றிருப்பேன். அந்த அறியாமை ஆறு அம்புகளைப் பழுதாக்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

துருக்கியில் படித்துவிட்டு வந்த என் மருமகன் எனக்கொரு வில் கொண்டுவந்தான். பழைய உஸ்மானிய வடிவில் கண்ணாடியிழையால் செய்தது. 40 றாத்தல் என்று எழுதியிருந்தது. அதற்கென்றே ஆறு கார்பன் அம்புகளும் வாங்கியிருந்தான். வீட்டுக்குப் பின்னாலுள்ள தென்னங்காணியில் வைக்கோலைக் கட்டிவைத்து எய்து பழகினேன். எய்த அம்பெல்லாம் குறிக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளியே குத்தியது. கைதான் சரியில்லை என்று மூன்று மாதம் கையைத் திருத்தினேன். பிறகு ஒரு கைநூலில் அட்டவணை ஒன்று கிடைத்தது. அம்பு வலப்பக்கம் போனால் தண்டு அளவுக்கு மீறி வளைகிறது, அதைக் கட்டையாக்கு என்றிருந்தது. ஆறு அம்பிலும் இரண்டிரண்டு அங்குலம் வெட்டினேன். அடுத்த நாள் அம்புகள் இன்னும் கூடுதலாக வலப்பக்கம் போயின.

மருமகன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "மாமா, ஒங்கட கையில பிழையில்ல. அந்த அட்டவண மூணு விரலால நாண இழுக்கிறவங்களுக்கு எழுதினது. நீங்க பெருவிரலால இழுக்கிறீங்க. எல்லாம் மறுபக்கமாப் பாக்கணும்."

அவன் சொன்னதை விளங்கிக்கொள்ள முதலில் அம்பின் ஓட்டத்தை அறிய வேண்டும். வில்லின் பிடிக்குத் தடிப்பு உண்டு. நாண் அந்தப் பிடியின் நடுவை நோக்கி ஓடுகிறது. அம்போ பிடியின் ஒரு பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது. அப்படியானால் விட்டதும் அது பக்கவாட்டில்தானே போகவேண்டும்? போவதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ள, முன்னால் முனையின் பாரம் தடுக்க, தண்டு நடுவில் வளைகிறது. வளைந்து, மறுபுறம் நெளிந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு மீன் நீந்துவதுபோல் வெளியேறுகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படக்கருவியால் இதைப் படம்பிடித்துக் காட்டினார். இதற்கு 'வில்லாளியின் முரண்' என்று பெயரிட்டவர் ரொபர்ட் எல்மர் என்ற அமெரிக்க மருத்துவர். அரபுக் கையெழுத்துப் பிரதியொன்றை நபீஹ் அமீன் ஃபாரிஸுடன் சேர்ந்து 'அரபு வில்வித்தை' என்று 1945இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே.

ஆகவே தண்டின் விறைப்பு வில்லின் பலத்துக்குத் தோதாக இருக்கவேண்டும். விறைப்புக் கூடினால் அம்பு போதியளவு வளையாமல் பிடியில் உரசி வெளிப்பக்கம் தள்ளப்படும். விறைப்புக் குறைந்தால் மிதமிஞ்சி வளைந்து எதிர்ப்பக்கம் போகும். மூன்று விரலால் இழுக்கும் வலக்கையாளர் அம்பை வில்லின் இடப்பக்கத்தில் வைப்பார். அவருக்கு விறைத்த அம்பு இடப்பக்கம் போகும். அரபியரும் துருக்கியரும் பெருவிரலில் வளையம் அணிந்து இழுத்தார்கள். அம்பை வலப்பக்கம் வைத்தார்கள். அவர்களுக்கு விறைத்த அம்பு வலப்பக்கம் போகும். என் அம்புகள் முதலிலேயே விறைப்பானவை. வெட்டியதால் இன்னும் விறைப்பாயின. தண்டின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அதே பாரத்துக்கு அது வளையும் அளவு கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

விறைப்பை அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்பன் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் கிடத்தி, நடுவில் 880 கிராம் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தாழ்ந்தால் அதன் எண் 500. மரத் தண்டுக்கு 26 அங்குல இடைவெளியும் 2 றாத்தல் பாரமும். 26ஐத் தாழ்ந்த அங்குலத்தால் வகுத்தால் வருவது எண். 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50. மரத்தில் எண் கூடினால் விறைப்பு; கார்பனில் எண் கூடினால் நெகிழ்வு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குபவர்கள் உண்டு.

இனிச் சோதனை. இறகு ஒட்டிய மூன்று அம்புகள், இறகில்லாத ஓர் அம்பு. நீளமும் முனையும் ஒன்றாக இருக்கவேண்டும். பத்து மீற்றரில் நின்று எய்யுங்கள். இறகு பிழையைத் திருத்தி மறைக்கும். வெறுந்தண்டு உள்ளதை உள்ளபடி காட்டும். முதலில் மேல்கீழைப் பாருங்கள். வெறுந்தண்டு மற்றவற்றுக்கு மேலே குத்தினால் நாணில் அம்பு பூட்டுமிடத்தை உயர்த்தவேண்டும். கீழே குத்தினால் தாழ்த்தவேண்டும். அது சரியான பிறகே இடம்வலம். பெருவிரல் முறையில் எய்யும் வலக்கையாளருக்கு வெறுந்தண்டு வலப்பக்கம் போனால் விறைப்பு. இடப்பக்கம் போனால் நெகிழ்வு. ஒரு தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்தாறு தடவையும் ஒரே பக்கம் போனால் மட்டும் நம்புங்கள். அம்பு விடும்போது வில்லைப் பிடித்த கையைத் திருப்பும் 'கத்ரா' என்ற அசைவைப் பழகியவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரேவிதமாகத் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும்.

விறைப்பான அம்புக்கு முனையின் பாரத்தைக் கூட்டலாம். 100 கிறெய்னைக் கழற்றி 125 போடலாம். நெகிழ்வான அம்புக்கு முனையைக் குறைக்கலாம். அல்லது கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டி, ஒவ்வொரு முறையும் எய்து பார்க்கலாம். வெட்டிய தண்டு வளராது. ஆகவே நீளமாகவே வாங்குங்கள். இழுக்கும் நீளத்தைவிடக் கட்டையாக ஒருபோதும் வெட்டாதீர்கள், அம்பு கையைத் துளைக்கும். பாரம் மிகக் குறைந்த அம்பும் ஆகாது. வில்லின் ஒவ்வொரு றாத்தலுக்கும் எட்டுப் பத்துக் கிறெய்னாவது அம்பில் இருக்கட்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் வில்லே உடையலாம்.

என் வில்லின் குறை எங்கே என்று மருமகன் தூக்குத் தராசில் கொளுவி அளந்தான். 40 றாத்தல் என்பது 28 அங்குலம் இழுத்தால். நான் இழுத்ததோ 26 அங்குலம். தராசு 35 காட்டியது. எழுதியிருந்ததை நம்பி 500 எண் அம்பு வாங்கியதுதான் முதற்பிழை. 700 எண் தண்டில் பாரமான முனை போட்டோம். வெறுந்தண்டும் இறகம்பும் ஒரு கையகலத்துக்குள் குத்தின.

தைபுகா என்ற மம்லூக் வில்லாளி 1368 அளவில் வில்வித்தையைச் செய்யுளாகப் பாடி, அதற்குத் தானே உரையும் எழுதினார். தமிழ் படித்தவனுக்கு இது பழகிய வழிதான். ஆசான் நூலும் தருவார், உரையும் தருவார். அந்தப் பரம்பரையைப் பற்றி மேடையில் முழங்கிய நான், கையில் வில் வந்ததும் வேறு கைக்கு எழுதிய அட்டவணையைக் கேள்வியின்றிப் பின்பற்றினேன். வெட்டிய ஆறு தண்டுகளும் இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. அடுத்த மீலாத் விழாவுக்கு அவற்றையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.