சீனாவில் எல்லைகடந்த உரிமைகளின் முடிவு

எல்லைகடந்த உரிமை என்பது ஒரு நாட்டில் வாழும் வெளிநாட்டவர், அந்நாட்டுச் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உட்படாமல் தம் சொந்த நாட்டுச் சட்டத்துக்கே உட்பட்டிருக்கும் உரிமையாகும். தூதர்களுக்கு மட்டும் உரிய விலக்குரிமை வேறு. இவ்வுரிமை வணிகர், மாலுமி, சமயப் பரப்புரையாளர் என அனைவருக்கும் பொருந்தியது. சீனாவில் நூறு ஆண்டுகள் நிலவிய இம்முறையைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் 1943இல் உடன்படிக்கைகள் மூலம் கைவிட்டன.

தோற்றம்

முதல் அபினிப் போரில் சீனா தோற்றபின், 1843ஆம் ஆண்டின் ஹூமென் உடன்படிக்கை இவ்வுரிமையைப் பிரித்தானியருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவும் பிரான்சும் இதைப் பெற்றன. ஒரு நாட்டுக்குத் தரும் சலுகை தமக்கும் உண்டு என்ற விதியை ஒவ்வொரு நாடும் தன் உடன்படிக்கையில் சேர்த்துக்கொண்டதால், உரிமை பெற்ற நாடுகள் பெருகின.

செயல்பட்ட விதம்

ஒரு பிரித்தானியர் சாங்காயில் ஒரு சீனரைத் தாக்கினால், சீன நீதிபதி அவரை விசாரிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் பிரித்தானிய மன்றத்தில்தான் முறையிட வேண்டும். இதற்கெனப் பிரித்தானியா 1865இல் சாங்காயில் உயர் நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. அமெரிக்கா 1906இல் தனி நீதிமன்றம் நிறுவியது. தன் மண்ணிலேயே தன் சட்டம் செல்லாத இந்நிலையைச் சீனர்கள் தேசிய அவமானமாகக் கருதினர்.

நீக்கும் முயற்சிகள்

சீனச் சட்டமுறை சீர்திருந்தினால் இவ்வுரிமையைக் கைவிடுவதாகப் பிரித்தானியா 1902இல் உறுதி கூறியது. ஆனால் சீர்திருத்தம் போதுமானதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் உரிமையை அனுபவித்தவர்களிடமே இருந்ததால் காலம் நீண்டது. முதல் உலகப் போரில் தோற்ற செருமனி 1921இலும், சோவியத் ஒன்றியம் 1924இலும் சீனாவுடன் செய்த உடன்பாடுகளில் இவ்வுரிமையை விட்டன. நான்கிங் அரசு 1930 முதல் இம்முறை செல்லாது என அறிவித்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. 1931இல் சப்பான் மஞ்சூரியாவைத் தாக்கியதும் பேச்சுகள் தடைப்பட்டன.

1943 உடன்படிக்கைகள்

இரண்டாம் உலகப் போரில் சீனா நேச நாடானது. நட்பு நாட்டைச் சமமாக நடத்தாமல் இருப்பது பொருந்தாது என்ற நிலை உருவானது. 1943 சனவரி 11 அன்று அமெரிக்க உடன்படிக்கை வாசிங்டனிலும், பிரித்தானிய உடன்படிக்கை சோங்கிங்கிலும் கையெழுத்தாயின. பின்னதில் அன்றைய பிரித்தானிய இந்திய அரசின் சார்பிலும் ஓர் அதிகாரி கையொப்பமிட்டார். மே 20 அன்று இரண்டும் நடைமுறைக்கு வந்தன. சாங்காய் பன்னாட்டுக் குடியிருப்பில் இருந்த சிறப்பு உரிமைகளும் இவற்றால் கைவிடப்பட்டன.

எஞ்சிய சிக்கல்

அப்போது சாங்காய் சப்பானியர் பிடியில் இருந்ததால், விட்டுக்கொடுத்த நாடுகளின் கையில் அந்நகரம் இல்லை. ஆங்காங்கின் புதிய ஆட்புலங்களையும் திருப்பித் தருமாறு சீனா கேட்டது, பிரித்தானியா மறுத்தது. அக்கோரிக்கையைப் பின்னர் எழுப்பும் உரிமை தனக்கு உண்டெனக் குறிப்பிட்டே சீனா கையொப்பமிட்டது. பிரான்சு 1946இல் தன் உரிமைகளைக் கைவிட்டது. ஆங்காங் 1997இல் சீனாவிடம் திரும்பியது.

சீனா தன் சட்ட இறையாண்மையை மீட்டது போர்க்களத்தில் அன்று, உடன்படிக்கை மேசையில். ஆயினும் சமநிலையில் அமர்ந்து பேச அதற்கு நூறு ஆண்டுகள் ஆயின.