புதிய வாய்ப்புகள்: எதை ஏற்பது, எதை விடுவது?

நம் கடைக்கு வாடிக்கையாளர்கள் குறைவாக வரும் நாட்கள் உண்டு. ஆனால் புதிய யோசனையோடு யாராவது ஒருவர் படியேறாத வாரம் இல்லை. ‘உங்கள் ஏரியாவுக்கு ஏஜென்சி தருகிறோம்’ என்று கம்பெனிப் பிரதிநிதி வருகிறார். ‘எங்கள் செயலியில் சேர்ந்தால் ஆர்டர் குவியும்’ என்கிறார் இன்னொருவர். ‘பெட்டி இலவசம், ஐஸ்கிரீம் மட்டும் வாங்கி வையுங்கள்’ என்கிறார் மற்றொருவர். அடுத்த தெருவில் கடை காலியாகிறது, கிளை போடலாம் என்று தரகர் சொல்கிறார். புதுத் தொழிலில் பங்கு சேர உறவினர் அழைக்கிறார். கேட்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் இருக்கிற கடையைப் பார்க்க ஆள் இருக்காது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் பத்து ஆண்டுகளில் கடை பழையதாகிவிடும். ஆகவே தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று நமக்கு வேண்டும்.

நம்மிடம் உண்மையில் குறைவாக இருப்பது எது?

வாய்ப்பு என்றதும் நாம் முதலில் பார்ப்பது பணத்தை. பணத்தை வங்கியில் கடனாக வாங்கலாம். இடம் போதவில்லை என்றால் குடோன் வாடகைக்குப் பிடிக்கலாம். ஆனால் முதலாளியின் நேரத்தைக் கடன் வாங்க முடியாது. நம்மில் பெரும்பாலோர் கடையில் முதலாளியும் நாமே, கணக்குப்பிள்ளையும் நாமே. மாலை 6 மணி முதல் 9 மணி வரை நாம் கல்லாவில் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைய வசூலிலேயே தெரியும். புதிய வேலை அந்த மூன்று மணி நேரத்தைத் தின்னுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது.

திருக்குறளில் 47-ஆவது அதிகாரம் ‘தெரிந்து செயல்வகை’. வரப்போகும் ஆதாயத்தை எண்ணி, கையில் இருக்கும் முதலை இழக்கச் செய்யும் காரியத்தை அறிவுடையோர் தொடங்க மாட்டார்கள் என்று வள்ளுவர் அதில் கூறுகிறார். நம் காலத்துக் கடைக்காரருக்கு முதல் என்பது பணம் மட்டும் அல்ல. நேரமும், உடல் பலமும், இத்தனை ஆண்டு சேர்த்த நல்ல பெயரும் முதல்தான்.

ஒரு ஏஜென்சியின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்காரருக்கு விநியோக ஏஜென்சி வருகிறது. கம்பெனிக்கு டிபாசிட் 1 லட்சம் ரூபாய். கையிருப்புச் சரக்கு 3 லட்சம். கடைகளுக்குக் கொடுக்கும் கடன் 2 லட்சம். ஆக முடங்கும் முதல் 6 லட்சம். மாத விற்பனை 6 லட்சம், மார்ஜின் 5 சதவீதம் என்றால் வரவு 30,000 ரூபாய். ‘மாதம் முப்பதாயிரம் சும்மா வருகிறது’ என்று பிரதிநிதி இதைத்தான் சொல்வார்.

இப்போது செலவு. லைனுக்குப் போகும் பையனுக்குச் சம்பளம் 12,000. வண்டிக்கு 6,000. உடைசல், திரும்ப எடுத்துக்கொள்ளாத காலாவதிச் சரக்கு 1,500. 6 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி 6,000. மொத்தம் 25,500. மீதி 4,500 ரூபாய்.

ஆர்டர் எடுப்பது, பில் போடுவது, பாக்கி கேட்பது என்று முதலாளிக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 78 மணி நேரம். 4,500 ரூபாயை 78-ஆல் வகுத்தால் மணிக்கு 58 ரூபாய்கூட வரவில்லை. அதே கடைக்காரர் தம் மளிகைக் கடையில் மாதம் 300 மணி நேரம் உட்கார்ந்து 45,000 ரூபாய் லாபம் பார்க்கிறார் என்றால் அங்கே மணிக்கு 150 ரூபாய் கிடைக்கிறது. 150 ரூபாய் தரும் இடத்தை விட்டு 58 ரூபாய் தரும் இடத்துக்கு ஏன் போக வேண்டும்? கடன் கொடுத்த கடைகளில் இரண்டு மூடிவிட்டால் அந்த 58 ரூபாயும் போய்விடும்.

இதே கணக்கு வேறு விதமாகவும் வரலாம். வீட்டில் படித்த மகனோ மகளோ முழு நேரமும் பார்த்துக்கொள்ள முன்வந்தால், விற்பனை இரட்டிப்பாக வழி இருந்தால், அதே ஏஜென்சி நல்ல வாய்ப்பாகிவிடும். வாய்ப்பின் தரம் அதைக் கொண்டு வருபவரின் பேச்சில் இல்லை, நம் நிலைமையில் இருக்கிறது. எனவே பக்கத்துக் கடைக்காரர் எடுத்து நன்றாக நடத்துகிறார் என்பது நாம் எடுக்கப் போதிய காரணம் ஆகாது.

வரிக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சிறு வியாபாரிகளில் பலர் இணக்க வரி முறையில் இருக்கிறார்கள். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கான முறை இது. சரக்கு வியாபாரிக்கு வரி 1 சதவீதம். கணக்கு எளிது. ஆனால் இந்த முறையில் உள்ளவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. தம்மிடம் வாங்கும் கடைக்காரருக்கு வரி பில்லும் கொடுக்க முடியாது.

மேலே சொன்ன ஏஜென்சி ஆண்டுக்கு 72 லட்சம் விற்றுமுதலைச் சேர்க்கிறது. ஏற்கெனவே 90 லட்சம் வியாபாரம் செய்பவருக்கு இது 1 கோடியே 62 லட்சம் ஆகிவிடும். ஒரே பான் எண்ணில் எத்தனை கடை, எத்தனை பெயர்ப்பலகை இருந்தாலும் விற்றுமுதல் ஒன்றாகவே கூட்டப்படும். ஆக அவர் இணக்க முறையை விட்டு வெளியே வர வேண்டும். மளிகைக் கடையின் கணக்கு முறையும் சேர்ந்து மாறும். 4,500 ரூபாய்க்காக இந்த மாற்றம் தேவையா என்று கையெழுத்திடும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். உணவுப் பொருளாக இருந்தால் நம்மிடம் இருக்கும் உரிமம் அந்த வியாபாரத்துக்குப் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வந்து போன வாய்ப்புகள் சொல்லும் பாடம்

தொண்ணூறுகளில் ஊர் ஊராக மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. அன்று அது நல்ல வாய்ப்புதான். 1995-இல் இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது. 2003-இல் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன் பிறகு பூத்துகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடையின் ஒரு மூலையில் பூத் வைத்தவருக்கு நஷ்டம் குறைவு. பேச வந்தவர்கள் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கினார்கள், பூத் போன பிறகும் கடை இருந்தது. அதையே நம்பிப் புது இடமும் பெரிய முன்பணமும் கொடுத்து இறங்குவது வேறு கதை. எந்த வாய்ப்புக்கும் ஆயுள் உண்டு. போட்ட பணம் அந்த ஆயுளுக்குள் திரும்புமா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, சட்டம் உண்டாக்கும் வாய்ப்பு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வரும் என்று தமிழக அரசு 2018 ஜூன் மாதம் அறிவித்தது. தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இடையில் அரை ஆண்டு அவகாசம் இருந்தது. பழைய சரக்கைத் தீர்க்கவும், துணிப்பை, பாக்குமட்டைத் தட்டு தயாரிப்பாளர்களைத் தேடவும் அந்த அவகாசம் போதும். செய்தித்தாளில் வரும் இப்படிப்பட்ட அறிவிப்பும் ஒரு வாய்ப்புதான். அதை யாரும் கடை தேடி வந்து கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கவனிக்க வேண்டும்.

உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி

வாய்ப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பிடிக்கவில்லை என்றால் நாளையே நிறுத்திவிடக்கூடியது ஒரு வகை. யு.பி.ஐ. பணம் பெற க்யூ.ஆர். அட்டை வைப்பதும், புது ரகப் பருப்பு ஒரு மூட்டை வாங்கி விற்றுப் பார்ப்பதும் இப்படிப்பட்டவை. இவற்றுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இறங்கினால் எளிதில் மீள முடியாதது மற்றொரு வகை. டிபாசிட், நீண்ட கால வாடகை ஒப்பந்தம், பங்குத் தொழில், வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கும் கடன் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் அவசரமே கூடாது. ‘இன்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்’ என்பவரிடம் ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

இரண்டாம் வகையில் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் வாங்காமல் இறங்கக் கூடாது:

1. டிபாசிட் எந்த நிபந்தனையில், எத்தனை நாளில் திரும்பும்?

2. விற்காத சரக்கையும் காலாவதிச் சரக்கையும் யார் எடுத்துக்கொள்வார்கள்?

3. விலை இறங்கினால் கையிருப்புக்கு வித்தியாசத் தொகை கிடைக்குமா?

4. நமக்குக் கொடுத்த ஏரியாவில் இன்னொருவரையும் நியமிப்பார்களா?

5. ‘இலவசம்’ என்று தரும் பொருளுக்குக் கரண்ட் பில், ரிப்பேர், இடம் யார் பொறுப்பு?

தொகை நிரப்பாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால் 138-ஆவது பிரிவின் கீழ் வரும் வழக்கில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. சரக்கு விற்று வரும் லாபத்தைப் பற்றிப் பேசாமல், ஆள் சேர்த்தால் வரும் கமிஷனைப் பற்றியே ஒருவர் பேசினால் எழுந்துவிடுங்கள். அத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

அளவும் கெடுவும் வைத்துத் தொடங்குவோம்

எல்லாக் கேள்விக்கும் திருப்தியான பதில் கிடைத்தாலும் முதல் நாளிலேயே அகலக்கால் வைக்க வேண்டாம். இத்தனை ரூபாய் வரை, இத்தனை மாதம் வரை என்று இரண்டு எல்லைகளைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். புதிய வியாபாரத்தின் வரவு செலவைப் பழைய கடைக் கணக்கோடு கலக்காதீர்கள். கலந்துவிட்டால் நஷ்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, நல்ல கடை கெட்ட கடையைச் சுமந்துகொண்டிருக்கும். கெடு முடிந்ததும் நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘இன்னும் ஒரு சீசன் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும்போதுதான் சிறு நஷ்டம் பெரிய கடனாகிறது. தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். அது பழைய வியாபாரத்தின் அறுவடைக் காலம்.

வீட்டில் உள்ளவர்களிடமும் கலந்து பேசுங்கள். கூடுதலாகப் போகும் மூன்று மணி நேரம் அவர்களுடைய நேரமும்தான். நம் உடம்பு தாங்குமா என்பதை நம்மைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

வேண்டாம் என்று முடிவு செய்தால் இழுத்தடிக்காமல், முகம் கோணாமல் சொல்லிவிடுவோம். இன்று ஏஜென்சியோடு வந்த பிரதிநிதி நாளை வேறு நல்ல சரக்கோடு வருவார். அப்போது அதை ஏற்றுக்கொள்ள நம் கையில் முதலும் நேரமும் மீதம் இருக்க வேண்டும்.